நடு தேய்ந்தால் டயர் முடிந்தது: கடலூர், புதுச்சேரி பக்கம் டூரிங் பைக்கில் நெடுந்தூரம் போகிறவர்களின் டயர் அனுபவங்கள்

மஞ்சக்குப்பம், கடலூர் (மீட்டியார் 350)

பின் டயரில் இன்னும் பட்டன் (பள்ளங்களுக்கு இடையே நிற்கும் ரப்பர் கட்டிகள்) இருக்கிறது, இந்த வருஷம் தாங்கும் என்று நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். என் டயரிலும் பட்டன் இருந்தது. ஓரத்தில் புதிது போலவே இருந்தது. பிரச்சினை முழுக்க நடுவில்.

என் ஓட்டம் எல்லாம் நேர்ச்சாலை. வடக்கே புதுச்சேரி, அப்புறம் ஈசிஆரில் மாமல்லபுரம் வரை. தெற்கே சிதம்பரம், நாகப்பட்டினம். வண்டியைச் சாய்க்க வேண்டிய இடமே அபூர்வம். மணிக்கணக்கில் நிமிர்ந்தே ஓடும்போது டயரின் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடுகிறது, அதுவே தேய்கிறது. போதாததற்கு சித்திரை, வைகாசி வெயிலில் கொதிக்கும் தார். கொஞ்ச காலத்தில் பின் டயர் உருண்டையான வடிவத்தை இழந்து, கார் டயர் மாதிரி மேலே தட்டையாகிவிடும். வண்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பார்த்தால் நன்றாகவே தெரியும். யாரும் அப்படிப் பார்ப்பதில்லை என்பதுதான் என் கவலை.

ஊருக்குள் ஓட்டும்போது இதன் வித்தியாசம் கைக்கு வராது. எனக்குக் கொல்லிமலையில் வந்தது. விருத்தாசலம், சின்னசேலம், ஆத்தூர் வழியாகப் போய்க் காரவள்ளி அடிவாரத்தில் ஏறினோம். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். மனைவி பின்னால், இரண்டு பக்கமும் பை. ஒவ்வொரு வளைவிலும் வண்டி முதலில் சாய மறுத்தது. கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் சட்டென்று விழுவது போல உள்ளே சாய்ந்தது. "என்னங்க, வண்டி ஒரு மாதிரி வாங்குதே?" என்று பின்னாலிருந்தே அவருக்குத் தெரிந்துவிட்டது. தட்டையான நடுவுக்கும் தேயாத ஓரத்துக்கும் நடுவே ஒரு விளிம்பு உண்டாகிவிடுகிறது. சாயும்போது டயர் அந்த விளிம்பைத் தாண்டித்தான் ஓரத்துக்குப் போக வேண்டும். முன் டயர் இன்னும் உருண்டையாக இருப்பதால் அது இயல்பாகச் சாய்கிறது, பின்னது அதோடு சேர்ந்து வருவதில்லை. அன்று மேலே போய் இறங்கும் வரை முதல் கியர், இரண்டாவது கியரிலேயே வந்தோம்.

ஊர் திரும்பியதும் டயர்க் கடைக்குப் போனேன். அந்தக் கடைக்காரர் அருமையான மனிதர். "சார், ஓரத்த பாக்காதீங்க, நடுவுல நகத்த வச்சுப் பாருங்க" என்றார். டயரின் பக்கச் சுவரில் சின்ன முக்கோணமோ டிடபிள்யூஐ (TWI, தேய்மான அடையாளம்) என்ற எழுத்தோ இருக்கும். அதற்கு நேரே பள்ளத்துக்குள் ஒரு குட்டி மேடு. தேய்ந்து தேய்ந்து பட்டனும் அந்த மேடும் சமமானால் டயரின் ஆயுள் முடிந்தது. மோட்டார் வாகன விதிகள் இருசக்கர வண்டிக்குக் கேட்பது குறைந்தது 0.8 மில்லிமீட்டர் பள்ளம். அது சட்டத்துக்குப் போதும், ஐப்பசி, கார்த்திகையில் கடலூரில் பெய்யும் மழைக்குப் போதாது. தண்ணீரை வெளியே தள்ளும் வேலையைச் செய்வது அந்தப் பள்ளங்கள்தான். நடுவில் 2 மில்லிமீட்டருக்குக் கீழே வந்துவிட்டால் மழைக்காலத்துக்கு முன்னாலேயே மாற்றிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து, எதை வாங்குவது. என் பின் டயர் 140/70-17, பக்கத்தில் 66பி (66P) என்று இருக்கும். 66 என்ற எண் அந்த டயர் 300 கிலோ சுமை தாங்கும் என்பதைக் குறிக்கிறது. பி என்றால் மணிக்கு 150 கிலோமீட்டர் வரை. டூரிங் போகிறவர்களுக்கு வேக எழுத்தைவிட இந்தச் சுமை எண் முக்கியம். இரண்டு பேர், பெட்டி, பை, தண்ணீர் என்று ஏற்றிக்கொண்டு போகிறோம். வண்டியோடு வந்த எண்ணைவிடக் குறைவான டயரை என்ன விலை சொன்னாலும் போடாதீர்கள். அகல டயர் போட்டால் கெத்தாக இருக்கும் என்று சிலர் கேட்கிறார்கள். ரிம் அகலம் அதேதானே? பெரிய டயரைக் குறுகிய ரிம்மில் போட்டால் அதன் வடிவம் கெடும், செயின் பக்கம் உரசவும் செய்யும்.

தேதியையும் பாருங்கள். பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 1824 என்றால் 2024ஆம் ஆண்டின் 18ஆவது வாரம் தயாரானது. நான் முதலில் போன இன்னொரு கடையில், விலை குறைத்துத் தருகிறேன் என்று எடுத்துப் போட்ட டயர் மூன்று வருஷத்துக்கு மேல் பழையது, வெயில் படும் இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஓடாமல் இருந்தாலும் ரப்பர் இறுகும், வெயிலில் சீக்கிரம் வெடிப்பு விடும். எம்ஆர்எஃப் ஆலை நெட்டப்பாக்கம் பக்கம் ஏரிப்பாக்கத்தில்தான் இருக்கிறது. பக்கத்து ஊரில் டயர் தயாராகிறது என்பதால் கடையில் தொங்குவது புதிதாகிவிடாது.

நான் எடுத்தது அதே அளவு, அதே சுமை எண், கெட்டி ரப்பர். சில டூரிங் டயர்களில் நடுவில் கெட்டி ரப்பரும் ஓரத்தில் மிருதுவான ரப்பரும் வைக்கிறார்கள். உங்கள் அளவில் அது கிடைத்தால், நம்மைப் போல நேர்ச்சாலையில் ஓடி எப்போதாவது மலை ஏறுகிறவர்களுக்கு அதைவிட நல்லது இல்லை.

முதலியார்பேட்டை, புதுச்சேரி (ஹிமாலயன் 411)

அண்ணே, அருமையாகச் சொன்னீர்கள். என் வண்டியில் நிலைமை வேறு. முன்னால் 21 அங்குலம், பின்னால் 17, இரண்டும் ட்யூப். பெரிய பட்டன் வைத்த டயரைப் போட்டு ஓட்டிப் பார்த்தேன். செம்மண் பாதையில் சொக்கத் தங்கம். ஈசிஆரில் 80 தாண்டினால் ஒரே இரைச்சல், கைப்பிடியில் அதிர்வு. மழையில் பிரேக் பிடித்தால் கூடுதல் தூரம் ஓடித்தான் நிற்கும், ஏனென்றால் தரையைத் தொடும் ரப்பரே குறைவு. கல்வராயன் மலையில் மண்பாதை தேடிப் போகிறவர்களுக்குச் சரி. செஞ்சி, திருவண்ணாமலை, சென்னை என்று தாரிலேயே ஓடுகிறவர்களுக்குச் சாலைக்கான டயரே போதும்.

ட்யூப் வண்டிக்காரர்களுக்கு ஒரு விஷயம். மரக்காணம் உப்பளம் தாண்டி இரவில் பின் சக்கரத்தில் ஆணி ஏறியது. ட்யூப்லெஸ்ஸாக இருந்தால் ஆணியோடு மெதுவாகக் காற்று இறங்கியிருக்கும், பஞ்சர் கடை வரை வந்திருக்கலாம். ட்யூப் என்பதால் உடனே உட்கார்ந்துவிட்டது, வால் ஆடியது. பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலரேட்டரை விட்டு ஓரம் கட்டினேன். கையில் 21 அங்குல ட்யூப் ஒன்று எப்போதும் வைத்திருப்பேன். அவசரத்துக்கு அதைப் பின்னாலும் திணித்து மெதுவாக ஊர் வந்து சேரலாம், அன்றும் அப்படித்தான் வந்தேன். பெரிய ட்யூப் உள்ளே மடியும் என்பதால் மறுநாளே சரியான அளவுக்கு மாற்றிவிட வேண்டும்.

நெய்வேலி (டாமினார் 400)

காற்றைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. குறைவாக இருந்தால் ஓரம் தேயும், டயர் சூடேறும். அதிகமாக இருந்தால் நடு தேயும். நேர்ச்சாலையில் நடு ஏற்கெனவே அடிவாங்குகிறது, அதில் பெட்ரோல் பங்கில் கண்ணை மூடிக்கொண்டு 40 பிஎஸ்ஐ காற்று அடித்துவிடுகிறார்கள். ஒரு பங்கு மீட்டருக்கும் அடுத்த பங்கு மீட்டருக்கும் ஒத்துப்போவதே இல்லை. சொந்தமாக ஒரு கேஜ் வாங்கி, காலையில் வண்டி எடுப்பதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். எவ்வளவு என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். பின்னால் ஆள் உட்கார்ந்தால் எவ்வளவு என்பதும் அதிலேயே இருக்கும்.

என் வண்டியில் இரண்டுமே ரேடியல், அதாவது டயருக்குள் நூலிழைகள் குறுக்கே நேராகப் போகும் வகை. பின்னால் மட்டும் விலை குறைந்த, நூலிழைகள் சாய்வாகப் போகும் சாதா டயர் போடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். முன்னால் ஒரு வகை, பின்னால் ஒரு வகை என்று கலந்தால் வளைவில் இரண்டும் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். கம்பெனி அனுமதித்தால் ஒழிய வேண்டாம்.

வில்லியனூர் (இன்டர்செப்டர் 650)

எனக்கு முன் டயரில் விசித்திரமான தேய்மானம். ஒவ்வொரு பட்டனும் ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் பள்ளமாகவும் இருக்கிறது. கையால் தடவினால் ஒரு திசையில் வழுக்குகிறது, எதிர்த் திசையில் குத்துகிறது. மெதுவாகப் போகும்போது 'உம்ம்' என்று ஒரு சத்தமும் வருகிறது. டயர் மோசமா, வண்டியில் கோளாறா?

மஞ்சக்குப்பம், கடலூர் (மீட்டியார் 350)

அக்கா, முன் டயரில் ஓரளவுக்கு இது வரத்தான் செய்யும். முன் பிரேக் பிடிக்கும்போது ஒவ்வொரு பட்டனும் வளைந்து வளைந்து ஒரு பக்கமாகத் தேய்கிறது. வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்திருந்தால் மூன்று இடம் பாருங்கள். முதலில் காற்று குறைவா என்று. அடுத்து முன் ஃபோர்க்கில் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஷாக் அப்சார்பர் குழாய்கள்) ஆயில் கசிகிறதா, அமுக்கி விட்டால் துள்ளித் துள்ளி நிற்கிறதா என்று. மூன்றாவது, வீல் பேலன்ஸ், அதாவது சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருக்கிறதா என்று. ஃபோர்க்கைச் சரி பண்ணாமல் டயரை மட்டும் மாற்றினால் புதிதும் இதே மாதிரி தேயும். முன், பின் இரண்டும் ஒன்றாக மாற்றுவதாக இருந்தால் பக்கச் சுவரில் உள்ள அம்புக்குறி ஓடும் திசையில் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். முதல் 100, 150 கிலோமீட்டருக்குப் பலமாகச் சாய்க்காமல், அவசர பிரேக் இல்லாமல் ஓட்டுங்கள். புது ரப்பரின் மேல் தோல் வழுக்கும்.