கரையோரச் செந்தேறல்: 'பிளெண்ட்' என்பதற்கு 'விரவல்'

வணக்கம்.

கடலோரத் திராட்சைகளின் சிவப்பு மதுக்களைச் சேர்த்து உண்டாக்கும் 'கோஸ்டல் ரெட் பிளெண்ட்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சில், 'ரெட் பிளெண்ட்' என்பதைக் 'கலப்பு மது' என்று எழுதலாம் என்ற பரிந்துரையைப் படித்தேன். மது என்பதற்குத் 'தேறல்' இருக்கட்டும். யவனர் கொண்டுவந்து தந்த மதுவைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டு அப்படித்தான் அழைக்கிறது. எனக்கு நெருடுவது 'கலப்பு'. கலப்படத்தின் வாடை அதில் அடிக்கிறது என்பது ஒருபுறமிருக்க, இரண்டு திராட்சை வகைகளை அயல்மகரந்தச் சேர்க்கையால் இணைத்து உண்டாக்கிய புதிய கொடியைக் 'கலப்பினம்' என்று ஏற்கெனவே எழுதிவருகிறோம். அக்கொடியின் பழத்திலிருந்து மட்டுமே வடித்த மதுவையும், பல இனங்களின் மதுக்களைச் சேர்த்ததையும் ஒரே சொல்லால் குறித்தால் படிப்பவர் குழம்புவார்.

பிரான்சின் போர்தோ பகுதியில் நடப்பதைப் பாருங்கள். மெர்லோ என்ற திராட்சை முன்னதாகப் பழுக்கும், காபர்னே சோவின்யோன் என்ற திராட்சை தாமதமாகப் பழுக்கும். ஆகவே தனித்தனியே பறித்து, தனித்தனியே நொதிக்கவைத்து, அதன் பிறகே சேர்க்கிறார்கள். சேர்ப்பவர் அளவுக் குழாயில் நூற்றுக்கு ஐந்து பங்கு மெர்லோ விட்டுச் சுவைத்துத் துப்புகிறார், பத்தாக்கிப் பார்க்கிறார், காபர்னேயின் துவர்ப்பு மெர்லோவின் மென்மையில் அடங்கியும் அழியாமலும் நிற்கும் இடத்தில் நிறுத்துகிறார். பல பூக்கள் விரவிய மாலையில் ஒவ்வொரு பூவும் தெரிவதைப் போன்ற இந்நிலைக்கு 'விரவல்' என்பதே பொருந்தும் என்பது என் கருத்து. இதற்கு மாறாக, பிரான்சின் இன்னொரு மதுப் பகுதியான கோத்-ரோத்தியில் சிரா என்ற கறுப்புத் திராட்சையுடன் வியோனியே என்ற வெள்ளைத் திராட்சையை நூற்றுக்கு 20 வரை சேர்த்து ஒரே தொட்டியில் நொதிக்கவைப்பதுண்டு. அதை 'உடன்நொதிப்பு' எனப் பிரித்துவிடலாம்.

அடுத்து, 'கரையோர' என்ற அடை. சிலர் விரும்பிய 'நெய்தல் தேறல்' காதுக்கு இனிமையானது. ஆனால் அது கடலின் சுவையையும் மீனையும் நினைவூட்டிவிடுகிறது. கடல் தருவது சுவையை அன்று, காற்றை. வெயிலின் கடுமையை அக்காற்று தணிப்பதால் பழம் மெல்லப் பழுத்து, அதன் புளிப்பு குறையாமல் நிற்கிறது. மத்தியதரைக் கடலோரத்துப் பாந்தோல் என்ற பிரெஞ்சுப் பகுதியின் செந்தேறலில் (சிவப்பு மதுவில்) மூர்வேத்ர என்ற திராட்சை இனம் பாதிக்குக் குறையாமல் இருக்க வேண்டும், 18 மாதமாவது மரப்பீப்பாயில் கிடக்க வேண்டும் என்பது விதி. கடல் கண்ணெதிரே இருந்தாலும், அத்தேறலுக்கு ஏற்றது தீயில் வாட்டிய ஆட்டிறைச்சிதான். முதல் மிடறில் நாக்கு காய்ந்த துணிபோலச் சொரசொரக்கும். மதுவில் துவர்ப்பைத் தரும் டானின் உமிழ்நீரின் புரதத்தைப் பற்றிக்கொள்வதால் வரும் விளைவு அது. கொழுப்புள்ள இறைச்சியை ஒரு வாய் மென்ற பிறகு அதே மிடறு வழுக்கிக்கொண்டு இறங்கும். முற்றிய பாலாடைக்கட்டியும், எண்ணெயில் வதக்கிய காளானும் ஓரளவு அப்படியே. எண்ணெய்ச்சத்து மிகுந்த மீனுடன் குடித்தால், மதுவிலுள்ள இரும்பு மீனின் கொழுப்போடு சேர்ந்து கவிச்சையை எழுப்பிவிடும்.

இப்படிப் பொருந்தும் உணவை 'இணையுணவு' என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. தாய்ப்பாலுடன் குழந்தைக்கு ஊட்டுவதைக் குறிக்க அச்சொல் வழக்கில் இருக்கிறது. மதுவின் பக்கத்தில் அதை வைக்க மனம் வரவில்லை. 'பொருத்துணவு' போதும்.

ஆக, 'கரையோரச் செந்தேறல் விரவல்' என்பது என் முன்மொழிவு. வினையாக வேண்டும்போது 'விரவினார்' என்று இயல்பாக வருகிறது. அளவுக் குழாயுடன் நிற்பவரை 'விரவுநர்' என்று அழைப்பதில் மட்டும் எனக்கே சற்றுத் தயக்கம். இதைவிட நல்லது தோன்றியவர்கள் எழுதுங்கள்.