வசந்தகுமார் அண்ணாச்சியைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

எங்கள் வீட்டுக்கு முதல் கலர் டிவி வந்தது வசந்த் அண்ட் கோ கடையிலிருந்துதான். அப்பாவுக்கு அச்சகத்தில் வேலை. மொத்தமாகப் பணம் புரட்ட வழியில்லாமல் தவணைக்கு எடுத்தார். தவணை அட்டையை அம்மா சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருப்பார். சம்பளம் வந்ததும் முதலில் அதற்குத்தான் எடுத்து வைப்பார். டிவி வந்த அன்று அவர் அதற்குப் பொட்டு வைக்கவில்லை. கடைசித் தவணை கட்டிய அன்றுதான் மஞ்சள் குங்குமம் வைத்தார். "இன்னைக்குத்தான் இது நம்ம டிவி" என்றார்.

வசந்தகுமார், தவணைக்குப் பொருள் விற்ற வி.ஜி.பி. நிறுவனத்தில் விற்பனையாளராக இருந்து தொழில் கற்றவர். 1978இல் சொந்தக் கடை போட்டார். எங்களைப் போன்ற மாதச் சம்பளக் குடும்பம் எதை வாங்க ஏங்கும், எவ்வளவு கட்ட முடியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. விளம்பரத்திலும் சிரித்தபடி அவரே வந்தார். ஒருமுறை கடையில் பில் போடும் இடத்தருகே அவர் நின்றிருந்தார். அப்பா சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு வணக்கம் வைத்தார். அவரும் கைகூப்பினார். அவ்வளவுதான். அப்பா அதைப் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

*

நான் களக்காடு. மேலே அண்ணன் எழுதியது கடைக்கார வசந்தகுமாரைப் பற்றி. எங்களுக்கு அவர் நாங்குநேரி எம்.எல்.ஏ. 2006இல் ஜெயித்தார், 2011இல் எர்ணாவூர் நாராயணனிடம் தோற்றார், 2016இல் மறுபடியும் வந்தார். ஓட்டுக் கேட்டு அவர் தெருவுக்குள் நுழைந்தால் போதும், பிள்ளைகள் "டிவிக்காரர்" என்று பின்னாலேயே ஓடுவார்கள். வேறு எந்த வேட்பாளரின் முகமும் எங்களுக்கு அப்படிப் பழக்கமில்லை.

2019இல் அவர் கன்னியாகுமரி எம்.பி.யாகி நாங்குநேரியை விட்டுப் போனதில் எனக்கு வருத்தம்தான். இடைத்தேர்தலில் தொகுதி அ.தி.மு.க.வுக்குப் போய்விட்டது. ஆனால் அவர் பக்கமும் புரிகிறது. சொந்த ஊர் அகஸ்தீஸ்வரம். அண்ணன் குமரி அனந்தன் 1977இல் ஜெயித்த நாகர்கோவில் தொகுதிதான் பிற்பாடு கன்னியாகுமரி ஆனது. 2014இல் காங்கிரஸ் தமிழ்நாட்டில் தனியாக நின்று, பெரும்பாலான இடங்களில் டெபாசிட்டையே இழந்தது. அப்போதும் அங்கே இவர் சுமார் 2.44 லட்சம் ஓட்டு வாங்கி இரண்டாவதாக வந்தார். ஐந்து வருடம் கழித்து, அப்போது தன்னைத் தோற்கடித்த பா.ஜ.க.வின் பொன். ராதாகிருஷ்ணனையே 2.5 லட்சத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்த ஊர் ஆளுக்கு அந்த ஆசை இருக்காதா!

*

எனக்கு அகஸ்தீஸ்வரம் பக்கம். 2020 ஆகஸ்ட் 28, கொரோனாவில் அவர் போய்விட்டார் என்று செய்தி வந்தது. எம்.பி.யாகி ஒன்றேகால் வருடம்தான் ஆகியிருந்தது. உடலை ஊருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். எங்கள் பாட்டியை நாங்கள் வெளியே விடவில்லை, அவருக்கு மூச்சிரைப்பு உண்டு. வாசற்படியில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களிடமெல்லாம் "எழுபதுதானே ஆச்சு, எழுபதுதானே ஆச்சு" என்றே கேட்டுக்கொண்டிருந்தார்.

2021 ஏப்ரலில் மகன் விஜய் வசந்த் இடைத்தேர்தலில் நின்றார். பாட்டி யாரிடமும் கேட்கவில்லை. மாஸ்க் போட்டுக்கொண்டு, தானே ஆட்டோ பிடித்துப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார்.