பொன்னானிக்கு அப்பால் ராத்திரியில் வள்ளத்தில் மோதிவிட்டோம், இனி என்ன செய்ய?

கோத்தகிரி தேயிலைக்காரன்:

எனக்கும் கடலுக்கும் பூர்வ சம்பந்தம் எதுவும் கிடையாது. கோத்தகிரிக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கர் தேயிலையும், இலை மூட்டை ஏற்ற ஒரு பிக்கப்பும் இருக்கின்றன. என்னோடு கல்லூரியில் படித்த நண்பன் கோவையில் இருக்கிறான். பழைய 31 அடி பைபர் பாய்மரப்படகு ஒன்றை வாங்கிக் கொச்சியில் கட்டிவைத்திருக்கிறான். மூன்று வருஷமாக அவனோடு போய்ச் சுக்கான் பிடிக்கப் பழகினேன். போன ஜனவரியில் கொச்சியிலிருந்து கோழிக்கோட்டுக்குப் பக்கத்திலுள்ள பேப்பூருக்கு ஒரே ஓட்டமாகப் போய்ப் பார்ப்போம் என்று கிளம்பினோம். எண்பது கடல் மைலுக்குக் கொஞ்சம் மேலே வரும்.

சாயங்காலம் வரை எதிர்க்காற்று, எஞ்சினில்தான் போனோம். பத்து மணிக்கு மேல் கரையிலிருந்து காற்று இறங்கியது. எஞ்சினை அணைத்துவிட்டுப் பாயை விரித்தோம். படகு மேற்கே சாய்ந்துகொண்டு ஐந்து நாட் (மணிக்கு ஐந்து கடல் மைல்) வேகத்தில் சத்தமே இல்லாமல் ஓடியது. நண்பன் உள்ளே படுத்துவிட்டான். நான் உயர்ந்திருந்த கரைப்பக்கம் உட்கார்ந்து சுக்கான் பிடித்துக்கொண்டு, பொன்னானி வெளிச்சம் வலப்பக்கம் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கப்பல்கள் ரேடியோவில் அனுப்பும் இருப்பிடத்தைக் காட்டும் ஏஐஎஸ் திரையில் பக்கத்தில் ஒரு கப்பலும் இல்லை. முப்பது வருஷம் மூடுபனியில் மேட்டுப்பாளையம் ரோட்டில் வண்டி ஓட்டியவன், எனக்கென்ன என்ற தைரியம் வேறு.

ஒன்றரை மணிக்கு, தகரக் கூரை மேல் சில்வர் ஓக் கிளை முறிந்து விழுந்த மாதிரி ஒரு சத்தம். முன்பாய்க்குக் கீழே இருந்து ஆள் அலறும் குரல் கேட்டது. இடப்பக்கம் ஒரு சின்ன வள்ளம். அதில் இரண்டு பேர். வலையைப் போட்டுவிட்டுப் படுத்திருந்திருக்கிறார்கள். அவர்கள் விளக்கு என்று சொன்னது ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் இருந்த எல்இடி. அதுவும் கவிழ்ந்து கிடந்தது.

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. தூக்கம் கலைந்து எழுந்து வந்த நண்பன் முதலில் செய்த வேலை, எஞ்சினைப் போட்டு முன்னால் தள்ளியது. “நிக்காதடா, கும்பல் சேர்ந்துடுவாங்க” என்றான். பத்து விநாடிகூட ஆகவில்லை, புரொப்பெல்லரில் வலைக்கயிறு சுற்றி எஞ்சின் நின்றுவிட்டது. ஆக, நாங்கள் அங்கே நின்றது நல்ல மனசால் அல்ல, வலை விடவில்லை.

அதன்பிறகு நடந்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அந்த இரண்டு பேரில் வயதானவர் கொஞ்ச நேரம் எங்களைத் திட்டினார். அப்புறம் லுங்கியை வரிந்து கட்டிக்கொண்டு, வாயில் கத்தியைக் கடித்தபடி எங்கள் படகுக்கு அடியில் முங்கினார். நாலு தடவை மூச்சு வாங்க மேலே வந்தார். சொந்த வலையைத் தானே அறுத்து எங்களை விடுவித்தார். கூட இருந்த பையனுக்கு மணிக்கட்டு வீங்கியிருந்தது. வள்ளத்தின் ஓரம் ஒரு கை நீளத்துக்குப் பிளந்திருந்தது. எங்கள் கையில் இருந்த ஆறாயிரம் ரூபாயைக் கொடுத்தோம். போன் நம்பர் வாங்கிக்கொண்டார்.

எங்கள் படகில் முன்கம்பி வளைந்திருக்கிறது, இடப்பக்கம் நீர்மட்டத்துக்கு மேலே சிலந்திவலை மாதிரி விரிசல். அவர் இப்போது இரண்டு தடவை போன் செய்துவிட்டார். “எடுக்காதே, விளக்கு இல்லாமல் கிடந்தது அவங்க தப்பு, இன்சூரன்ஸுக்கும் சொல்லாதே” என்கிறான் நண்பன். தப்பு யார் மேல்? நான் என்ன செய்யட்டும்?

அருவங்காடு சீஃப்:

கடற்படையில் சீஃப் பெட்டி ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவன். ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது, கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்வேன்.

நம் மலை ரோட்டில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். கடலிலும் அப்படி ஒரு வரிசை உண்டு. 1972ல் உருவான சர்வதேச மோதல் தடுப்பு விதிகள்தான் அது. எஞ்சினில் ஓடும் கப்பல் பாயில் ஓடும் படகுக்கு விலக வேண்டும் என்பதை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அடுத்த வரியை மறந்துவிடுவார்கள். வலை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருக்கும் படகுக்குப் பாய்மரப்படகுதான் விலக வேண்டும். 18வது விதி. வலை தண்ணீரில் இருக்கும்போது அந்த வள்ளத்தால் நினைத்தபடி நகர முடியாது, அதனால் அந்தச் சலுகை.

விளக்கு விஷயத்தில் அவர்கள் பக்கமும் குறை இருக்கிறது. இழுவலை இல்லாமல் வேறு வலை போட்ட படகு, மேலே சிவப்பு, கீழே வெள்ளை என்று சுற்றிலும் தெரிகிற இரண்டு விளக்கு காட்ட வேண்டும். சின்ன வள்ளங்களில் அதை எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்பது வேறு கதை. ஆனால் அவர்கள் தப்பு உங்கள் தப்பை அழிக்காது. கடல் வழக்குகளில் இவருக்கு இவ்வளவு பங்கு, அவருக்கு இவ்வளவு பங்கு என்று பிரிப்பதுதான் பழைய வழக்கம், 1910லேயே ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள்.

உங்கள் பங்கு எது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், கவனித்தீர்களா? காற்று கிழக்கிலிருந்து, படகு மேற்கே சாய்ந்திருக்கிறது, நீங்கள் கிழக்கு ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். முன்பாய் முழுக்க விரிந்து இடப்பக்கத்தில் திரைபோல நிற்கிறது. இடமுன்பக்கம் உங்களுக்குக் குருடு. அந்த நிலையில் சில நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து மறுபக்கம் போய்ப் பாய்க்குக் கீழே குனிந்து பார்க்க வேண்டும், அல்லது படகைக் கொஞ்சம் திருப்பி அந்த மூலையைத் திறந்து பார்க்க வேண்டும். ஏஐஎஸ் கருவி வைத்திருப்பவன்தான் திரையில் தெரிவான். வள்ளத்தில் ஏது ஏஐஎஸ்?

மோதிய பிறகு எஞ்சினைப் போட்டது இன்னொரு தப்பு. சுற்றிலும் டார்ச் அடித்துக் கயிறு, வலை, மனிதன் எதுவும் தண்ணீரில் இல்லை என்று பார்க்காமல் புரொப்பெல்லரைச் சுழற்றவே கூடாது. ஆள் யாராவது விழுந்து கிடந்திருந்தால்? அதோடு, நின்று உதவி செய்து, படகின் பெயர், பதிவான துறைமுகம், அடுத்து போகும் இடம் மூன்றையும் சொல்லிவிட்டுத்தான் நகர வேண்டும். ஐ.நா. கடல் சட்டத்தில் 98வது பிரிவு. நண்பரிடம் படித்துக் காட்டுங்கள். இனி ஒரு தடவை இப்படி நடந்தால் விஎச்எப் ரேடியோவில் 16வது சேனலில் கூப்பிடுங்கள், போனில் சிக்னல் இருந்தால் கடலோரக் காவல்படை எண் 1554.

லவ்டேல் குளிர்:

ஊட்டி ஏரியில் பெடல் படகு மோதினாலே ரெண்டு குடும்பம் சண்டை போடுது. உங்களுக்கு அரபிக்கடல் தேவையா அண்ணே?

வில்பட்டி பிளம்ஸ்:

இருபது வருஷம் கப்பல் சர்வேயராக இருந்துவிட்டு இப்போது கொடைக்கானல் பக்கம் பிளம்ஸ் மரங்களோடு இருக்கிறேன். சீஃப் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. நான் விரிசலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சிலந்திவலை விரிசல் பெரும்பாலும் மேல்பூச்சில்தான் இருக்கும். ஆனால் “பெரும்பாலும்” என்ற வார்த்தையை நம்பிக் கடலுக்குப் போகக் கூடாது. ஒரு சின்ன மரச் சுத்தியல், இல்லையென்றால் ஸ்குரூடிரைவரின் பிடி போதும். விரிசலிலிருந்து ஒரு முழம் தள்ளி நல்ல இடத்தில் தட்ட ஆரம்பித்து, மெதுவாக விரிசலை நோக்கி வாருங்கள். நல்ல பைபர் ‘டக் டக்’ என்று கெட்டியாகச் சொல்லும். அடுக்கு பிரிந்திருந்தால் ‘தொப் தொப்’ என்று ஊறிப்போன பலகை மாதிரி கேட்கும். எங்கே சத்தம் மாறுகிறதோ அங்கெல்லாம் பென்சிலால் கோடு போடுங்கள். கோடுகளைச் சேர்த்தால் அடிபட்ட இடத்தின் உண்மையான அளவு தெரியும், கண்ணுக்குத் தெரியும் விரிசலைவிட அது பெரிதாக இருப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உள்பக்கமும் பாருங்கள், அலமாரிப் பலகையைக் கழற்றியாவது. உள்ளே இருக்கும் தடுப்புச்சுவர் படகின் உடலோடு ஒட்டும் இடத்தில் வெள்ளைக் கோடு தெரிந்தால், ஒட்டு விட்டுவிட்டது என்று அர்த்தம். முன்கம்பி வளைந்திருப்பதால் பாய்மரத்தை முன்னால் இழுத்துப் பிடிக்கும் கம்பிவடத்தின் அடிப்பிடியையும் சோதியுங்கள். அது போனால் மரமே போகும். புரொப்பெல்லர் தண்டு தண்ணீருக்குள் போகும் சீல் இருக்கிறதே, வலைக்கயிறு இறுகும்போது அதையும் பிய்த்துவிடும். படகைக் கரையேற்றிப் பார்க்காமல் விடாதீர்கள்.

இன்சூரன்ஸுக்கு இன்றைக்கே எழுத்தில் சொல்லுங்கள். தாமதமே கோரிக்கையை மறுக்கக் காரணமாகலாம். ஜிபிஎஸ்ஸில் அன்றைய தடத்தைச் சேமித்து வையுங்கள், மெமரி நிறைந்தால் பழையதை அழித்துக்கொண்டே போகும் கருவிகள் உண்டு. “முழுத் தப்பும் எங்களுடையது” என்று யாருக்கும் எழுதிக் கொடுக்காதீர்கள், பாலிசிகளில் அதற்குத் தடை இருப்பது வழக்கம். பையனின் கைக்கு வைத்தியச் செலவு கொடுப்பது வேறு விஷயம், அதைக் கம்பெனிக்குத் தெரிவித்துவிட்டுச் செய்யுங்கள். போனை எடுக்காமல் இருப்பது மட்டும் எந்தப் பாலிசியிலும் இல்லை.

மணப்பாட்டுக்காரன்:

குன்னூரில் பேக்கரி வேலை. ஆனால் பதினெட்டு வயது வரை அப்பாவோடு கடலுக்குப் போனவன். எல்லாரும் நீங்கள் அவர்களை ஏன் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் உங்களை ஏன் பார்க்கவில்லை என்று நான் சொல்கிறேன் ஐயா.

உங்கள் விளக்கு பாய்மர உச்சியில் இருந்திருக்கும், சரியா? நாற்பது அடி உயரத்தில் சிவப்பு, பச்சை, வெள்ளை மூன்றும் ஒரே டப்பாவில். தூரத்துக் கப்பலுக்கு அது நல்லது. வள்ளத்தில் இருக்கிற நாங்கள் அவ்வளவு அண்ணாந்து பார்ப்பதில்லை, எங்கள் கண் தண்ணீர் மட்டத்தில் இருக்கும். நீங்கள் வடக்கே போகிறீர்கள், வள்ளம் உங்களுக்கு இடப்பக்கம். அங்கிருந்து பார்த்தால் உங்கள் சிவப்பு மட்டும்தான் தெரியும், அதுவும் கரையைப் பின்னால் வைத்து. கரையில் எத்தனை செல்போன் டவர் உச்சியில் சிவப்பு எரிகிறது என்று எண்ணிப் பாருங்கள். பெரியவர் கண் விழித்துப் பார்த்திருந்தாலும் டவர் என்று நினைத்துத் திரும்பிப் படுத்திருப்பார்.

படுத்திருந்தார்கள் என்று சொன்னீர்கள். வலை போட்டால் இரண்டு மூன்று மணி நேரம் நீவாட்டோடு, அதாவது நீரோட்டத்தோடு, போய்க்கொண்டு கிடப்போம், தூங்காமல் என்ன செய்வது? ஆனால் காது தூங்காது. விசைப்படகு வந்தால் எஞ்சின் சத்தம் முதலில் மரத்தில் அதிரும், அப்புறம்தான் காதுக்கு வரும். அப்பா அதற்கே எழுந்து டார்ச் அடிப்பார். சத்தமே இல்லாமல் அணியத்தில் (வள்ளத்தின் முன்பக்கத்தில்) வந்து இடிப்பது உங்கள் மாதிரிப் படகு ஒன்றுதான். கரையோரமாக ராத்திரி ஓடும்போது கீழே, தளத்து மட்டத்தில் இருக்கிற விளக்கைப் போடுங்கள். உச்சி விளக்கை அப்போது அணைத்துவிடலாம், ரெண்டும் சேர்த்துப் போட்டால் குழப்பம். சந்தேகம் வந்தால் டார்ச்சைப் பாயில் அடியுங்கள். வெள்ளைப் பாய் முழுக்க வெளிச்சமாகும், அதைப் பார்த்தால் யாரும் டவர் என்று நினைக்க மாட்டார்கள்.

அந்தப் பெரியவர் வலையை அறுத்தார் என்றீர்களே. எங்கள் வீட்டில் வலை கிழிந்து வந்த நாளில் அம்மா அப்பாவிடம் பேசமாட்டார்கள். வள்ளத்தைவிட வலைக்குத்தான் கடன் அதிகம்.

கோத்தகிரி தேயிலைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. டவர் என்று படித்ததும் போனைக் கீழே வைத்துவிட்டேன். அந்த ராத்திரி பொன்னானிப் பக்கம் நானே அப்படி நாலைந்து சிவப்பு விளக்கு எண்ணியிருக்கிறேன்.

இன்று காலை அவருக்குப் போன் செய்தேன். பத்து வருஷம் கூடலூரில் இருந்ததால் மலையாளம் வரும். நான் பயந்த மாதிரி பணம் கேட்கவில்லை. பையனுக்கு எலும்பு முறிவு இல்லையாம், கட்டு பிரித்தாயிற்றாம். முதல் தடவை கூப்பிட்டது நாங்கள் பேப்பூர் போய்ச் சேர்ந்தோமா என்று கேட்கத்தானாம். இரண்டாவது தடவை, எங்கள் படகில் அவருடைய கத்தி தங்கிவிட்டதா என்று கேட்க. தங்கித்தான் இருக்கிறது, கயிற்றுப் பெட்டியில், மரப்பிடி போட்டது. வலை எவ்வளவு போயிற்று என்று நானாகக் கேட்ட பிறகுதான் சொன்னார்.

இன்சூரன்ஸ் கடிதத்தை எழுதி நண்பனுக்கு அனுப்பிவிட்டேன், “நீ போடலைன்னா நான் போடுவேன்” என்ற வரியோடு. இன்னும் பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பிக்கப்பை எடுத்துக்கொண்டு கோவை, பாலக்காடு, பட்டாம்பி வழியாகப் பொன்னானி போகிறேன். வில்பட்டி ஐயா, வலைக்கு அவர் சொல்லும் தொகையை ரசீதில் எப்படி எழுதுவது என்று மட்டும் சொன்னால் போதும்.