மறு: ‘ஸ்பேஸ் ஓபரா’வுக்கு விண்கூத்து?

வணக்கம்.

பழைய விண்வெளிக் கதைகளை நூலகப் பட்டியலில் பிரிக்க, பெரும்போரும் வீரநாயகர்களும் நிறைந்த ‘ஸ்பேஸ் ஓபரா’ வகைக்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும். நேராகப் பெயர்த்து ‘விண்வெளி இசைநாடகம்’ என்பது கூடவே கூடாது. இவற்றில் பாட்டும் இல்லை, மேடையும் இல்லை. 1941இல் அமெரிக்க எழுத்தாளர் வில்சன் டக்கர் தேய்ந்துபோன விண்கப்பல் கதைகளைச் சாடுவதற்காக வைத்த பெயர் இது. சோப்பு நிறுவனங்கள் பணம் தந்த வானொலித் தொடர்கள் அப்போதே ‘சோப் ஓபரா’ எனப்பட்டன. கௌபாய் படங்கள் ‘ஹார்ஸ் ஓபரா’. அந்த வரிசையில் வந்ததுதான் இதுவும்.

வசையாகப் பிறந்த பெயர் பிறகு வகைமைப் பெயராக நிலைத்தது. 1974இல் ஆங்கில எழுத்தாளர் பிரையன் ஆல்டிஸ் தம் கதைத் தொகுப்புக்கு அதையே தலைப்பாக்கினார். தமிழில் ‘கூத்து’ இரண்டுக்கும் இடம் தரும். “என்ன கூத்து இது” என்கிறோம். விடிய விடியப் போர் நடக்கும் கலைக்கும் அதே பெயர். என் பரிந்துரை: விண்கூத்து.

---

மறு:

இரண்டு தடைகள். தெருக்கூத்து உயிரோடு இருக்கும் கலை. அதன் பெயரை வசைக்கு ஈடாக்குவது எனக்கு ஒப்பவில்லை. அடுத்து, விண்ணையும் கூத்தையும் சேர்த்தால் சிவனின் ஆடலைப் பாடும் திருமூலரின் திருக்கூத்து தரிசனம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ‘விண்சாகசம்’ போதாதா?

---

மறு:

போதாது. அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஹைன்லைன் இளையோருக்காக எழுதி 1947 முதல் 1958 வரை ஸ்கிரிப்னர்ஸ் வெளியிட்ட பன்னிரண்டு நாவல்களும் விண்சாகசம்தான். ஆனால் 1953இல் வந்த ‘ஸ்டார்மேன் ஜோன்ஸ்’ கதையில் கப்பல் வழிதவறுவது கணக்குப் பிழையால். மீட்பது அட்டவணைகளை மனப்பாடமாக வைத்திருக்கும் பையன். நட்சத்திரங்களுக்கிடையே போனாலும் அது ஸ்பேஸ் ஓபரா ஆகாது. ஈ. ஈ. ஸ்மித்தின் லென்ஸ்மேன் வரிசை அப்படியல்ல. வீழ்த்திய எதிரிக்குப் பின்னால் இன்னும் பெரிய எதிரி, அவனுக்கும் மேலே ஒருவன்; ஆயுதங்களும் அதற்கேற்பப் பெருகுகின்றன. ஆகவே விண்சாகசம் பொதுப்பிரிவு, விண்கூத்து உட்பிரிவு.

பிரிக்கும்போது எரிபொருளை அளவுகோலாக்க வேண்டாம். 1928இல் தொடராக வந்த ஸ்மித்தின் ‘ஸ்கைலார்க் ஆஃப் ஸ்பேஸ்’ கதையிலும் எரிபொருளான செப்பு தீர்ந்துவரும்போது வேறு கோளில் தேடுகிறார்கள். சிக்கல் எதனால் அவிழ்கிறது என்று பாருங்கள். கணக்காலும் பொறுமையாலும் என்றால் விண்சாகசம். புதிதாகக் கண்டுபிடித்த பெரிய ஆயுதத்தால் என்றால் விண்கூத்து.

வசை பற்றிய கவலை நியாயமானது. பட்டியலில் ‘பேரளவுப் போர், கோள்கடந்த பயணம், வீரநாயகர்’ என்று மட்டும் விளக்கம் தந்தால் இழிவு ஏறாது. திருக்கூத்துக் குழப்பம் ‘அண்டக்கூத்து’ என்ற மாற்றுச் சொல்லுக்குத்தான் கூடுதல்; அந்தச் சொல்லை விட்டுவிடலாம்.

எழுத்துமுறை: ‘விண்வெளிக் கூத்து’ என்று பிரித்தால் ‘கூத்து’ என்று தேடுபவருக்கு நாட்டார் கலை நூல்களுக்கு நடுவே ராக்கெட் வந்து நிற்கும். சேர்த்தே எழுதுக. நன்னூல் இலக்கணப்படி ணகரம் டகரமாகத் திரிந்து ‘விட்கூத்து’ ஆகலாம். ஆனால் விண்கலம், விண்கல் ஏற்கெனவே திரியாமல் நிலைத்துவிட்டன. விண்கூத்துக் கதை, விண்கூத்துத் தொடர், விண்கூத்து நாவல். ‘ஸ்பேஸ் ஓபரா – காண்க: விண்கூத்து’ என்ற பதிவும் வேண்டும், பழைய பெயரில் தேடி வருவோர்தான் அதிகம் இருப்பார்கள்.

---

மறு:

உட்பிரிவாக என்றால் சம்மதம். முதுகுச்சீட்டில் மட்டும் இரண்டுக்கும் ‘விண்’ என்றே போடுங்கள். மெல்லிய நூல்களில் நான்கெழுத்துக்கு மேல் படிக்க முடியாது.