பழைய ஆயாக்கொட்டகையைப் படிப்பிடமாக்க யோசனை வேண்டும்

வணக்கம் அண்ணன்மார், அக்காமாரே. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், எங்கள் தோட்டத்து ஆயாக்கொட்டகை (வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை ஆயா பார்த்துக்கொண்ட இடம்) பல வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு அது கிடைத்திருக்கிறது. 40 அடி நீளம், 20 அடி அகலம்.

என் காலத்தில் நூலகம் என்றால் அலமாரி, நீள மேசை, 'உஷ்' என்று ஓர் அதட்டல். இவர்களுக்கு அது போதாது. போன விடுமுறையில் ஒட்டுக்கடையில் (சின்னச் சாப்பாட்டுக் கடை) பார்த்தேன்: நாலு பேருக்கு ஒரே பிளக், மாறி மாறி மடிக்கணினியைச் சொருகுகிறார்கள். ஒரு பெண் இயங்கலை (ஆன்லைன்) வகுப்பில் பேச, பக்கத்துத் தம்பி காதைப் பொத்திக்கொண்டு பரீட்சைக்குப் படிக்கிறான்.

பெரிய நூலகங்களில் பேச ஒரு மாடி, அமைதிக்கு ஒரு மாடி என்று ஒதுக்கிவிடலாம். எங்களுக்கு இருப்பது ஒரே கூடம். அலமாரிகளை நடுவில் தடுப்பாக வைத்தால் சத்தம் குறையுமா? மேலே தகரக் கூரை வேறு; சாயங்கால மழை பிடித்தால் பக்கத்து ஆள் பேசுவதே கேட்காது. உள்கூரை அடித்தால் போதுமா, பஞ்சும் வைக்கணுமா?

நூலகம் வளரும் உயிர் என்று நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-லேயே எழுதிவிட்டார். அதனால் மேசைக்குச் சக்கரம் வேண்டும் என்பது என் கட்சி. கமிட்டியில் பாதிப் பேர் சிமெண்டுத் திண்டு கட்டுவோம் என்கிறார்கள். (திண்டில் பிளக் எங்கே வைப்பதாம்?)

நூலகத்தில் வேலை செய்பவர்கள், வயர்மேன் யாராவது இருந்தால் சொல்லுங்கள். கையால் கிறுக்கிய படம் என்றாலும் சரி. சனிக்கிழமை கூட்டம்.