குழு: பெரிய வீடு (9 பேர்)

சித்ரா அத்தை: எல்லோருக்கும் வணக்கம், ஒரு உதவி வேண்டும். வருகிற வெள்ளிக்கிழமை 9-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பணத்தைப் பற்றி ஒரு பீரியட் எடுக்கச் சொல்லிவிட்டார் எங்கள் ஹெச்.எம். நான் தமிழ் டீச்சர். பொருட்பால் நடத்து என்றால் நடத்துவேன், பொருளையே நடத்து என்றால் எங்கே போவேன்? 40 நிமிடம் என்ன பேசுவது?

கார்த்திக் அண்ணன்: சூப்பர் அத்தை. மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடுகிற எஸ்ஐபி பற்றிச் சொல்லிக்கொடுங்கள். மாதம் 500 ரூபாய், 12 சதவீதம் கிடைத்தால் 20 வருடத்தில் கிட்டத்தட்ட 5 லட்சம். பிபிடி நானே போட்டுத் தருகிறேன்.

சித்ரா அத்தை: என் வகுப்பில் மாதம் 500 ரூபாயைப் போட்டுவிட்டு மறக்கக்கூடிய பிள்ளை ஒன்றுகூட இல்லை கார்த்தி. அந்த 12 யார் தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்?

கார்த்திக் அண்ணன்: 🙏

பெரியப்பா: சித்ரா, உனக்கு சஞ்சாயிகா நினைவிருக்கிறதா? வாராவாரம் ஐம்பது பைசா, ஒரு ரூபாய் என்று வகுப்பிலேயே கட்டுவோம், குட்டி பாஸ்புக் ஒன்று இருக்கும், நான்தான் எங்கள் வகுப்புக்குக் கணக்கு எழுதினேன். பிறகு 34 வருடம் பேங்கில் உட்கார்ந்ததற்கு அதுதான் பிள்ளையார் சுழி. இப்போது 10 வயது முடிந்த பிள்ளைகளே தங்கள் பெயரில் சேமிப்புக் கணக்கு தொடங்கித் தாங்களே நடத்தலாம் என்று 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. எவ்வளவு எடுக்கலாம் என்ற வரம்பு மட்டும் பேங்குக்கு பேங்க் மாறும். எல்லோரையும் ஒரு கணக்கு தொடங்கச் சொல்.

அம்மா: கணக்கு தொடங்கும் முன்னால் பின் நம்பரைப் பற்றிச் சொல் சித்ரா. எங்கள் தெருவில் ஒரு பையன் பழைய சைக்கிளை ஆன்லைனில் விற்கப் போட்டான். வாங்குகிறேன் என்றவன் ஒரு க்யூஆர் அனுப்பி, ஸ்கேன் செய்து பின் போட்டால் உனக்குப் பணம் வந்துவிடும் என்றிருக்கிறான். இவன் அப்பா போனில் போட்டான், 2,000 போய்விட்டது. பணம் நமக்கு வருவதற்குப் பின் நம்பரே தேவையில்லை என்று அதற்குப் பிறகுதான் எனக்கே தெரியும்.

கார்த்திக் அண்ணன்: இது சரியான பாயின்ட் சித்தி. அப்படி ஏமாந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் செய்ய வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அப்புறம், கமிஷன் தருகிறேன் உன் அக்கவுன்டைக் கொடு என்று கேட்பவனிடம் கொடுக்கவே கூடாது என்றும் சொல்லுங்கள் அத்தை. திருட்டுப் பணம் அதில் வந்தால் போலீஸ் தேடுவது அக்கவுன்ட் வைத்திருப்பவனைத்தான்.

நான்: அத்தை, முதலில் அவர்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டுப் பாருங்களேன்.

(மறுநாள்)

சித்ரா அத்தை: பவி சொன்னபடி இன்றைக்குக் கேட்டேன். கூட்டு வட்டி என்றால் என்ன என்றேன், ஃபார்முலா ஒப்பித்தார்கள். 8-ஆம் வகுப்பில் வாழ்வியல் கணிதத்தில் படித்ததுதானே. வீட்டில் யாராவது வட்டி கட்டுகிறார்களா என்றேன், சத்தமே இல்லை. தண்டல் தெரியுமா என்றதும் பாதி வகுப்பு கையைத் தூக்கியது!! ஒரு பெண், அம்மா பூக்கட்டி விற்கிறவர், அழகாகச் சொல்கிறாள். 10,000 தண்டல் என்றால் கையில் 9,000தான் வரும் டீச்சர், தினம் 100 ரூபாய், 100 நாள், கட்டக் கட்ட அட்டையில் டிக் போடுவார்கள் என்று. அப்படியானால் எத்தனை சதவீதம் என்றேன். எல்லோரும் சேர்ந்து "பத்து!" எனக்கும் பத்து என்றுதான் தோன்றியது, தப்பா அண்ணே?

பெரியப்பா: தப்பு. இரு, டைப் செய்கிறேன்.

பெரியப்பா: கையில் வந்தது 9,000. அதுவும் முதல் நாள் மட்டும்தான் 9,000. தினமும் திருப்பிக் கட்டிக்கொண்டே வருவதால் குறைந்து குறைந்து 100-ஆம் நாள் சைபர். ஆக சராசரியாக அவர்களிடம் இருந்தது 4,500தான். அந்த 4,500-க்கு 100 நாளில் 1,000 ரூபாய் வட்டி. அதே வேகத்தில் ஒரு வருடம் ஓடினால் 3,650. கிட்டத்தட்ட 80 சதவீதம் சித்ரா! பேங்கில் நகையை வைத்தால் 10 சதவீதத்தை ஒட்டி வரும். ஊரில் "ரெண்டு வட்டி" என்கிறார்களே, அதுவும் மாதத்துக்கு நூற்றுக்கு 2, வருடத்துக்கு 24. நம் ஆட்கள் மாதக் கணக்கில் பேசுகிறார்கள், பேங்க் வருடக் கணக்கில் பேசுகிறது. அதனால் 2 சின்னதாகவும் 10 பெரிதாகவும் தெரிகிறது.

கார்த்திக் அண்ணன்: 80ஆ!! அப்பா, எனக்கே இது தெரியாது.

சித்ரா அத்தை: அப்படியானால் இதுதான் பாடம். ஒரே ஒரு தண்டல் அட்டை, போர்டில் வரைந்து 100 கட்டம் போட்டுவிடுகிறேன்.

அம்மா: அந்தப் பிள்ளை முன்னால் 80 சதவீதம், ஏமாந்துவிட்டார்கள் என்று சொல்லிவிடாதே. பூக்காரி விடிகாலை 4 மணிக்கு மார்க்கெட்டில் ரொக்கம் நீட்ட வேண்டும். தண்டல்காரர் வாசலுக்கே வருகிறார், கையெழுத்து, ஜாமீன், ஃபோட்டோ ஒன்றும் கேட்பதில்லை. பேங்கில் அந்த அம்மாவை உட்காரச் சொல்வார்களா?

பெரியப்பா: அது உண்மைதான். ஆனாலும் 80 அதிகம் அம்மா.

அம்மா: அதிகம்தான். 2013-இல் பவிக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட நானும் வாங்கினேன்.

(20 நிமிடம் யாரும் எதுவும் எழுதவில்லை)

நான்: அம்மா??

பெரியப்பா: என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.

அம்மா: பேங்கில் ஆபீசராக இருக்கிறவரிடம் 9,000 ரூபாய் கேட்பதற்கு வெட்கமாக இருந்தது. இவருக்கும் தெரியாது, இப்போது படித்துவிட்டு ஹாலில் இருந்து என்னைப் பார்க்கிறார்.

சித்ரா அத்தை: மதினி, நீங்கள்தான் வெள்ளிக்கிழமை வர வேண்டும். அண்ணன் கணக்கைச் சொல்லட்டும், மீதியை நீங்கள் சொல்லுங்கள். மூன்றாவது பீரியட், 11 மணிக்கு.

அம்மா: ஐயோ, நான் என்ன பேசுவேன். அட்டை வேண்டுமானால் தருகிறேன், பீரோவில் பவி ரேஷன் கார்டு ஜெராக்ஸோடு கிடக்கிறது.

அம்மா: 📷 படம்

பெரியப்பா: 41-இல் இருந்து 45 வரை டிக் இல்லையே, என்ன செய்தாய்? அபராதம் போட்டானா?

அம்மா: இல்லை. பவிக்கு அம்மை போட்டிருந்தது. வாசலில் வேப்பிலையைப் பார்த்துவிட்டு அவரே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.