மறு: மறு: சிங்கிள் ஆரிஜினுக்கு ஒரு சொல் வேணும், வெள்ளிக்கிழமை அச்சு

ஓசூர்க்காரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு அவசரம். இங்க காப்பிக்கொட்டை வறுத்து விக்கற ஒருத்தர் ஜமைக்கா ப்ளூ மவுண்டன் கொஞ்சம் வரவழைச்சிருக்காரு, அதுக்கு நாலு பக்கத்துல தமிழ்ல துண்டுப்பிரசுரம் வேணுமாம், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. மத்ததெல்லாம் எப்படியோ ஒப்பேத்திட்டேன், 'சிங்கிள் ஆரிஜின்'ல, அதாவது வேற ஊர்க் கொட்டை கலக்காம ஒரே இடத்துல விளைஞ்ச கொட்டைங்கறதுல வந்து வண்டி நின்னுடுச்சு. மொத்தம் பதினோரு இடத்துல வருது. 'ஒற்றைமூலக் காப்பி'ன்னு போட்டு அனுப்பினேன், மனுசன் உடனே போன் பண்ணி "ஏம்மா, இதைக் குடிச்சா மூலம் வரும்ங்கறியா போகும்ங்கறியா"ன்னு கேக்கறாரு. காப்பாத்துங்க.

காவேரிப்பட்டணம் எழுதியது:

இதுக்கு எதுக்குங்க இவ்ளோ யோசனை. 'தனித்தோட்டக் காப்பி'. முடிஞ்சுது.

அரூர் வாத்தி எழுதியது:

> தனித்தோட்டக் காப்பி

அது தப்புங்க. நான் கேட்டரிங் பசங்களுக்குப் பாடம் எடுக்கறவன், திங்கக்கிழமை எனக்கே இந்தச் சொல் வேணும். தோட்டம் வேற, ஆரிஜின் வேற. ப்ளூ மவுண்டன் ஒரு முதலாளியோட எஸ்டேட் இல்ல, சின்னச் சின்ன விவசாயிங்க நிறைய பேர் பறிச்சுக் கொண்டுவந்து ஆலைல குடுக்கற பழம். ஆனா எல்லை மட்டும் சட்டத்துல கோடு போட்டு வெச்சிருக்காங்க, போர்ட்லேண்ட், செயின்ட் ஆண்ட்ரூ, செயின்ட் தாமஸ் மாதிரி சில மாவட்டங்கள்ல சுமாரா 3000 அடிக்கு மேல 5500 அடிக்குள்ள விளைஞ்சாத்தான் அந்தப் பேரு. அதுக்குக் கீழ விளைஞ்சா அதே ஜமைக்காதான், அதே செடிதான், ஆனா ப்ளூ மவுண்டன் கிடையாது. தோட்டம்னு போட்டா இதெல்லாம் அடிபட்டுப் போகுது.

'புவிசார் காப்பி'ன்னு யாராச்சும் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன், அதுவும் ஆகாது. புவிசார் குறியீடுங்கறது ஒரு ஊர்ப் பொருளோட பேருக்கு அரசாங்கம் குடுக்கற பதிவு. 2019ல கூர்க் அரபிகா, வயநாடு ரோபஸ்டா, ஆந்திராவோட அரக்குப் பள்ளத்தாக்கு அரபிகான்னு அஞ்சு காப்பிக்குக் குடுத்தாங்க. பதிவே இல்லாட்டியும் ஒரே ஊர்க் கொட்டை சிங்கிள் ஆரிஜின்தான்.

தகடூரான் எழுதியது:

அன்பர்களே, வேற்றுமொழியில் 'ஆரிஜின்' என்றதும் நாம் மூலம், தோற்றம் என்று ஓடுகிறோம். தொல்காப்பியர் அகத்திணையியலில் தெளிவாகச் சொல்லிவிட்டார்: 'முதல் எனப்படுவது நிலம் பொழுது இரண்டின் இயல்பு'. ஒரு காப்பிக்கொட்டைக்கு ஆரிஜின் என்பது என்ன? அது விளைந்த நிலம், அது பழுத்த பொழுது. இரண்டையும் சேர்த்து ஒரே சொல்லில் 'முதல்' என்று சொன்ன மொழி நம்முடையது. மலை சார்ந்த இடம் குறிஞ்சி, அதற்குரிய பொழுது கூதிர் என்னும் குளிர்காலமும் யாமம் என்னும் நள்ளிரவும். மூவாயிரம் அடி என்று அளந்து கோடு போட்டவர்களுக்கு முன்பே நாம் இலக்கணம் வகுத்தோம். ஆகவே 'ஒருமுதற் காப்பி'. வல்லினம் வருவதால் ல் திரிந்து ற் ஆகும், கவனிக்க.

பென்னாகரத்தான் எழுதியது:

ஐயா, இலக்கணம் எல்லாம் சரி. ஆனா பஜார்ல 'ஃபர்ஸ்ட் காப்பி'ன்னா என்னன்னு தெரியுமா? டூப்ளிகேட் ஷூ, டூப்ளிகேட் வாட்ச். அசலுக்கு சர்ட்டிபிகேட் குடுக்கற நோட்டீஸ்ல 'முதற் காப்பி'ன்னு போட்டா விளங்கிடும் போங்க 😀

ஓசூர்க்காரி எழுதியது:

ஆபீஸ்ல உக்காந்து சத்தமா சிரிச்சுட்டேன் அண்ணா. ஐயா மன்னிக்கணும், முதல் அவுட்.

தகடூரான் எழுதியது:

பஜார் வழக்குக்காகத் தொல்காப்பியத்தைக் கைவிடச் சொல்கிறீர்கள். போகட்டும். அப்படியானால் 'ஒருபுலக் காப்பி'. புலம் என்றால் நிலம். குறுந்தொகையில் 'செம்புலப் பெயல்நீர்' என்கிறார், வானத்தில் நிறமில்லாத நீர் செம்மண்ணில் விழுந்ததும் அந்த மண்ணின் நிறமும் சுவையும் பெறுகிறது, இவர்கள் காப்பியில் தேடுவதும் அதைத்தானே. அதோடு புலம் என்றால் புலன், நாக்கும் மூக்கும். ஒரே சொல்லில் விளைந்த இடமும் ருசி பார்க்கும் இடமும். வேறு எந்த மொழிக்கு இந்தப் பேறு வாய்த்தது?

வெளியூர்ப் பயிருக்கு ஏன் சங்கத்தமிழ் என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. புறநானூறு 99இல் ஔவையார் நம் அதியமானின் முன்னோரைப் பற்றி 'அரும்பெறல் மரபின் கரும்பு இவண் தந்தும்' என்று பாடுகிறார். வெளியிலிருந்து அருமையான பயிர் கொண்டுவந்தது தகடூருக்கு, அதாவது இன்றைய தருமபுரிக்குப் புதிதல்ல.

காவேரிப்பட்டணம் எழுதியது:

ஐயா உங்க மேல மரியாதை உண்டு, ஆனா புலம்னா இன்னிக்கு யாருக்குங்க தெரியும்? என் பையன்கிட்ட கேட்டேன், 'புலம்பல்'னு சொல்றான்.

நான் மாங்கூழ் ஆலைல இருபது வருசமா குவாலிட்டி பாக்கறவன். பெங்களூரா கூழுக்கு பிரிக்ஸ், அதான் சர்க்கரை அளவு, 14 இருக்கணும், அல்போன்சாவுக்கு 16. அந்த நம்பர் வந்துச்சுன்னா இனிப்பு சரின்னு தெரியும், பழம் போச்சம்பள்ளியா சித்தூரான்னு அந்த நம்பர் சொல்லாது. அதுக்கு லோடு வந்த சீட்டுதான் சாட்சி. லாரி டிரைவர் பாக்கெட்ல வேர்வைல நனைஞ்சு ஒட்டிக்கிட்டிருக்குமே அந்த மஞ்சச் சீட்டு, அதைப் பிரிச்சுக் காய வெச்சுத்தான் எத்தனையோ நாள் ரிஜிஸ்டர்ல ஏத்தியிருக்கேன். அதனால ஜனங்களுக்குப் புரியற மாதிரி 'ஒரே மண் காப்பி'ன்னு வைங்க.

அரூர் வாத்தி எழுதியது:

சீட்டு விசயத்துல அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு, இந்த நோட்டீஸ்ல அதைத்தான் முதல்ல சொல்லணும். பசங்க எப்பவும் குழப்பிக்கறது இதைத்தான். காப்பியை ருசி பாத்து மார்க் போடற கப்பிங் பயிற்சிக்கு ஒரு தடவை போயிருந்தேன், ஒரு சாம்பிளுக்கு அஞ்சு கிண்ணம், கிண்ணத்துக்கு 150 மில்லி தண்ணி, 8.25 கிராம் தூள், 93 டிகிரில ஊத்தி நாலு நிமிசம் தொடக்கூடாது. மேல பால் ஏடு மாதிரி ஒண்ணு கட்டும். கரண்டியால அதைத் தள்ளும்போது மூக்கு கிட்டத்தட்ட காப்பில முங்கணும், அப்ப வர்ற ஆவிதான் கணக்கு. அப்புறம் கரண்டில எடுத்து சர்ர்ர்னு உறிஞ்சணும், வீட்ல அப்படிக் குடிச்சா அம்மா தலைல ஒண்ணு போடும், அங்க சத்தம் பத்தலைன்னு திட்டினாங்க. நூத்துக்கு மார்க், 80 வந்தா ஸ்பெஷாலிட்டி, அதாவது உயர்தரம். ஆனா 86 வந்த கொட்டை ஜமைக்காவா இல்லியான்னு அந்த மார்க் சொல்லாது. 1990கள்ல ஒருத்தர் மத்திய அமெரிக்கக் கொட்டையை ஹவாய்த் தீவோட கோனா காப்பி மூட்டைல மாத்திப் போட்டு வருசக்கணக்கா வித்தாரு, அவரை மாட்ட வெச்சது நாக்கு இல்ல, சாக்கு மாத்தினதும் கணக்குப் புஸ்தகமும்தான். தரம் ஒண்ணு, அசல் ஒண்ணு, சிங்கிள் ஆரிஜின் மூணாவது. நல்ல கொட்டையாவே இல்லாம ஒரே ஊர்க் கொட்டையா இருக்கலாம், தடையே இல்ல.

> ஒரே மண் காப்பி

இதுல ஒரு சிக்கல். கப்பிங்ல மண்வாடைன்னா குறை, மார்க் போயிடும்.

ஓசூர்க்காரி எழுதியது:

கடைக்காரரும் அதையேதான் சொன்னாரு, "மண்ணுன்னு பாத்தா யாரு வாங்குவா, இது என்ன பானையா"ன்னு.

இன்னொண்ணு. 'அத்தென்டிக்' வர்ற இடத்துல எல்லாம் 'அசல்'னு போட்டிருக்கேன். அப்புறம் கலவைக்கும் கலப்படத்துக்கும் நடுவுல ஒரு பத்தியே எழுதிட்டேன், ஏன்னா நம்ம ஆளுங்க சிக்கரி கலந்தாலே கலப்படம்ங்கறாங்க, பாக்கெட்ல எழுதி காப்பி 51 சதவீதத்துக்குக் குறையாம இருந்தா அது சட்டப்படி கலவை. எழுதாம கலந்தாத்தான் கலப்படம்.

தகடூரான் எழுதியது:

'அசல்' அரபுச் சொல். 'மெய்' இருக்கும்போது எதற்கு? அப்படியே 'மரப்பீப்பாய்' என்றும் எழுதியிருக்கிறீர்கள், பீப்பாய் போர்த்துகீசியம். பெரிய பானையைக் குறிக்கும் மிடா என்று மாற்றலாம்.

பென்னாகரத்தான் எழுதியது:

வட்டிக்காரன்கிட்ட அசல் எவ்ளோ பாக்கின்னு கேக்கறப்ப அரபின்னு தெரியலியே ஐயா! ப்ளூ மவுண்டன் மரப்பீப்பாய்ல வர்றதுதான் அடையாளம், அதைப் போய் மிடான்னு போட்டா மிடாமிடாவா குடிக்கறதுன்னு நினைச்சுக்குவாங்க. அந்த விலைக்கு ஒரு மிடறுதான் கட்டுப்படியாகும்.

தகடூரான் எழுதியது:

மிடறு நல்ல சொல். மிடறு என்றால் முதலில் தொண்டை, பிறகுதான் தொண்டைக்குள் ஒருமுறை போகும் அளவு. நஞ்சுண்ட சிவனை 'கறைமிடற்றன்' என்பார்கள். ருசி பார்க்கும் கரண்டி அளவுக்கு இதையே கலைச்சொல்லாக வைக்கலாம், தனி இழை தொடங்கட்டுமா?

காவேரிப்பட்டணம் எழுதியது:

ஐயா வேணாம். வியாழக்கிழமை சாயங்காலம் ஆயிடுச்சு, அந்தப் பொண்ணு பாவம்.

ஓசூர்க்காரி எழுதியது:

ராத்திரி பத்து மணிக்குள்ள ஓட்டு போட்டுடுங்க. மிச்சம் இருக்கறது ஐயாவோட ஒருபுலக் காப்பி, நான் யோசிச்ச ஒருநிலக் காப்பி, ஓரிடக் காப்பி.

அரூர் வாத்தி எழுதியது:

ஓரிடம். அழகா இல்ல, ஆனா கடைசி பெஞ்சுக்கும் புரியும்.

பென்னாகரத்தான் எழுதியது:

ஓரிடம். தூக்கம் வருது.

காவேரிப்பட்டணம் எழுதியது:

மண்ணு போச்சு, சரி, ஓரிடமே இருக்கட்டும்.

தகடூரான் எழுதியது:

இடம் என்றால் பேருந்தில் துண்டு போட்டுப் பிடிப்பதும் இடம்தான். அதில் மலை எங்கே, மழை எங்கே? என் வாக்கு புலத்துக்கு.

ஓசூர்க்காரி எழுதியது:

ஐயா, எல்லாருக்கும் நன்றி. அச்சாகி வந்துடுச்சு. அட்டைல பெருசா 'சிங்கிள் ஆரிஜின்'னு தமிழ் எழுத்துலதான் போட்டிருக்காரு, கேட்டா "வர்றவங்க அப்படித்தான் கேக்கறாங்க"ங்கறாரு. 'ஓரிடக் காப்பி' அதுக்குக் கீழ சின்னதா. உள்ள பதினோரு இடத்துலயும் நம்ம சொல்தான், ஒரு இடத்துல மட்டும் 'ஓரிடிக் காப்பி'ன்னு விழுந்திருக்கு.

தகடூரான் எழுதியது:

ஒற்று மிகுந்திருக்கிறதே, அதுவரை மகிழ்ச்சி. மறுபதிப்பு வரும்போது புலத்தை நினைவில் வையுங்கள். ஒரு மிடறு எனக்கும் எடுத்து வைக்கவும்.